நாற்பது கெஜத் தோட்டம்

செஞ்சி
20-2-1966

சேசு மரி சூசை

அன்புள்ள காஸ்பர் அண்ணாவுக்கு, தங்கை இருதயமேரி வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கு எல்லோரும் சுகம். நைனாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. பம்பாய்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, ஆத்திரம் தாங்கவில்லை அண்ணா. திண்டிவனம் பூங்காவனத்தம்மாள் அறநிலையத்தார், தங்கள் செலவில் பி.எஸ்ஸி. படிக்கவைக்கப் பெண்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள் அல்லவா? அதில் நான் தேறவில்லை. ஒரே ஒரு கணக்குக்குப் பூஜ்யம் போட்டதால் தேறவில்லை.

கணக்கு இதுதான். ‘ஒரு நீள்சதுரத் தோட்டத்தின் சுற்றளவு நாற்பது கெஜம், பரப்பு நூற்றிருபது சதுர கெஜம். நீளம், அகலம் யாவை?’ நாற்பது கெஜத்தில் எப்படி நீள்சதுரம் போட்டாலும் பத்துக்குப் பத்து சதுரம்தான் பெரியது. அதுவே நூறு சதுர கெஜம். ‘இப்படி ஒரு தோட்டம் கிடையாது’ என்று காரணத்தோடு எழுதிவைத்தேன். அவர்கள் கையில் வைத்திருக்கும் விடை பன்னிரண்டு, பத்து. பெருக்கினால் நூற்றிருபது வருகிறது, சரி. சுற்றளவு நாற்பத்து நான்கு ஆகிறதே! அதை ஒருவரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு, பத்து என்று எழுதிய பெண்களுக்கு முழு மார்க்கு.

நைனாவை அழைத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்டேன். செயலாளர் கன்னியப்பன் என்பவர், “எல்லாரும் விடை எழுதியிருக்காங்க, நீ மட்டும் இல்லன்றியே. கணக்கு தெரிஞ்ச பெரியவங்க யாராச்சும் சொல்லட்டும், பாக்கலாம்” என்றுவிட்டார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நைனா, “தொண்டூர்ப் பக்கத்துலேர்ந்து ஒரு இடம் வந்துக்குது. தவக்காலம் கழியட்டும்” என்றார். அவ்வளவுதான்.

மே மாதக் கடைசியில் பட்டியலை முடித்துவிடுவார்கள். நீ இருக்கும் இடத்தில் பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. இந்தக் கணக்குக்கு விடை இல்லை என்று அதனிடம் ஒரு தாள் வாங்கி அனுப்பு. ஈஸ்டருக்கு வருவாயா என்றும் எழுது. அம்மா தினமும் கேட்கிறது.

உன் தங்கை
மேரி


பம்பாய்
3-3-1966

அன்புள்ள மேரிக்கு,

நான் சுகம். நைனா, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் கடிதம் சரியான சமயத்தில் வந்தது. எங்கள் பிரிவில் இப்போது ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் என்றால் எண்களைக் கூட்டிப் பெருக்கும் என்றுதானே நினைக்கிறாய்? இது அப்படியில்லை, x, y என்று வரும் எழுத்துக் கணக்கைப் போடும். எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நாம் சொல்லவே வேண்டாம். சமன்பாட்டை அட்டையில் துளைபோட்டு உள்ளே கொடுத்தால் போதும். அது என்ன வகை, எத்தனை படி, காரணிகளாகப் பிரியுமா, மூலங்கள் எவை, வளைகோடு எங்கே ஏறும், எங்கே இறங்கும், எல்லாவற்றையும் கேட்காமலே தானாக ஆராய்ந்து அச்சடித்துத் தந்துவிடும். காரணி பிரிக்கும் பகுதி முழுக்க நான் எழுதியது. எங்கள் தலைவர் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். அந்தப் பகுதியில் என்ன சிக்கல் என்றால், மூன்றாம் படிக்கு மேலே போகும்போது நினைவகம் போதவில்லை. அதற்கு நான் ஒரு வழி செய்தேன். அதை விளக்க இந்தத் தாளில் இடமில்லை, அடுத்ததில் எழுதுகிறேன்.

உன் கணக்கைச் சமன்பாடாக எழுதி அனுப்பு.

அன்புடன்
காஸ்பர்


செஞ்சி
9-3-1966

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு சுகம். அங்கு உன் மெஷின் சுகமா? உன்னைப் பற்றி நீ ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை, அதனால் அதை விசாரிக்கிறேன்.

காரணி பிரிப்பதைப் பற்றி இத்தனை எழுதினாயே, ஈஸ்டருக்கு வருவாயா என்பதற்கு ஒரு வார்த்தை உண்டா? கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “வரானா இல்லியா, அத்தச் சொல்லு” என்றது. மூன்றாம் படிக்கு மேலே நினைவகம் போதவில்லையாம் என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டது.

நீளம் x என்றால் அகலம் 20 − x. ஆகவே x² − 20x + 120 = 0. இதைக்கூட நான்தான் எழுதித்தர வேண்டுமா? உனக்குத் தெரியாதா?

தொண்டூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை பெயர் தேவசகாயம், சொந்தமாகக் கிணறும் நிலமும் உண்டு. குணமானவர் என்கிறார்கள், இருக்கலாம். பட்டியலில் என் பெயர் வராவிட்டால் ஜூனில் கோயிலில் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கலாம் என்று நைனா வாக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாளைச் சீக்கிரம் அனுப்பு.

மேரி


பம்பாய்
24-3-1966

அன்புள்ள மேரிக்கு,

சுகம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மெஷின் அறையில் மட்டும் குளிர்சாதனம், ஆகவே நான் பிழைத்தேன்.

உன் சமன்பாட்டைப் போட்டேன். அச்சடித்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், எவ்வளவு அழகாக வந்திருக்கிறது பார்! ஆங்கிலத்தில் இருக்கிறது, உனக்குப் புரியும். இரண்டாம் படிச் சமன்பாடு. முழு எண் காரணிகளாகப் பிரியாது. மூலங்கள் இரண்டு. பத்துடன் கற்பனைப் பகுதி நாலே சொச்சம் கூட்டினால் ஒன்று, கழித்தால் மற்றொன்று. இரண்டும் இணை எண்கள். வளைகோட்டின் மிகத் தாழ்ந்த இடம் x பத்தாக இருக்கும்போது, அங்கே மதிப்பு இருபது. x அச்சை எங்கும் வெட்டாது. எதையும் நான் கேட்கவில்லை, அதுவாகச் சொன்னது. தலைவரிடம் காட்டினேன், அவருக்கும் சந்தோஷம்.

செயலாளரிடம் கொடு. இதற்கு மேல் அவர் பேச முடியாது.

ஈஸ்டருக்கு வருவது சிரமம். மெஷினில் எங்களுக்கு ஒதுக்கிய நேரம் மிகவும் குறைவு.

காஸ்பர்


செஞ்சி
4-4-1966

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெரிய வாரம், ஈஸ்டருக்கு இன்னும் ஆறு நாள். கோபப்படக் கூடாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அதனால் மெதுவாகவே எழுதுகிறேன்.

உன் தாளை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு வரி வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“இன்னாம்மா இது? மூலங்கள் இரண்டுன்னு போட்டுக்குது?”

“சார், அது கற்பனை எண். தோட்டத்துக்கு ஆகாது. கீழே பாருங்க, அச்சை வெட்டாதுன்னு...”

“கீழ மேலன்னு குழப்பாத. ரெண்டு விடை இருக்குதுன்னு மெஷினே சொல்லுது. நீ ஒன்னுமே இல்லன்னு எழுதிக்கிறே. எங்க விடையிலயும் ரெண்டு எண்ணு, இதுலயும் ரெண்டு எண்ணு. போதுமா?”

“சார், கற்பனைன்னா...”

“கற்பனைன்னா பொய். எனக்குத் தெரியாதா? பொய்யின்னா அத்த எதுக்கும்மா கொண்டாந்தே?”

பக்கத்தில் இருந்த குமாஸ்தா சிரித்தார். அந்தத் தாளையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள், எனக்கு எதிர்ச் சாட்சியாக!

நான் கேட்டது ஒன்றே ஒன்று, இப்படித் தோட்டம் உண்டா, இல்லையா? அதை விட்டுவிட்டு வளைகோட்டின் தாழ்ந்த இடம் எது என்று யார் கேட்டார்கள்? உன் மெஷினை நம்மூர் ராஜகிரிக் கோட்டை மேலே ஏற்றி அங்கிருந்து உருட்டிவிடு. நான் கீழே நின்று பார்க்கிறேன்.

அம்மா உன் பாயை உதறிப் போட்டு வைத்திருந்தது. நீ வரவில்லை என்று சொன்னதும் சுருட்டிவைத்துவிட்டது.

மேரி


பம்பாய்
14-4-1966

அன்புள்ள மேரிக்கு,

சுகம். ஈஸ்டர் வாழ்த்துக்கள்.

மெஷின் சொன்னது தவறில்லை. நீ எழுதியதும் தவறில்லை. எந்த எண்களுக்குள் தேடுவது என்பதில்தான் வித்தியாசம். சாதாரண எண்களுக்குள் தேடினால் விடை இல்லை, கற்பனை எண்களையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு உண்டு. புரோகிராம் எப்போதும் எல்லா எண்களையும் சேர்த்தே தேடும், அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

உன் கடிதம் படித்த பிறகு எனக்கும் ஒன்று தோன்றியது. கணக்குக் கொடுப்பவருக்கு எது வேண்டும் என்று முதலில் ஒரு அட்டை போடச் சொன்னால் என்ன? ‘சாதாரண எண்கள் மட்டும்’ என்று அட்டை போட்டால் உனக்கு ஒரே வரியில் பதில் வந்துவிடும். தலைவரிடம் சொன்னேன். “தானாகச் செய்வதுதானே இதன் பெருமை? ஆளைக் கேட்க ஆரம்பித்தால் அப்புறம் இது எதற்கு?” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இதை மாற்ற வேண்டுமானால் முதல் பகுதியிலிருந்தே பிரித்து எழுத வேண்டும், ஏனென்றால்

(அடுத்த பக்கம் முழுக்க மெஷின் சமாசாரம். நீ திட்டுவாய் என்று கிழித்துவிட்டேன்.)

காஸ்பர்


செஞ்சி
20-4-1966
(தபால் அட்டை)

அண்ணா, சுகம். விளக்கம் வேண்டாம். தலைவருடைய நியாயமும் வேண்டாம். ‘விடை இல்லை’ என்று ஒரு வரி, உன் மெஷின் அச்சில். அவ்வளவுதான். மே முடிவதற்குள். மேரி.


செஞ்சி
16-5-1966
(‘முகவரியில் ஆள் இல்லை’ என்ற முத்திரையுடன் திரும்பி வந்தது)

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன்னிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. உடம்புக்கு ஏதாவதா? கோபமா? கோபம் என்றால் எனக்குத்தான் வர வேண்டும்.

நீ தாள் அனுப்புவாய் என்று தபால்காரரை எதிர்பார்த்து எதிர்பார்த்து அலுத்துப்போய், போன வியாழக்கிழமை ஒரு காரியம் செய்தேன். துணிக்கடையில் கெஜக்கோல் கேட்டு வாங்கி, சணல் கயிற்றை நாற்பது கெஜம் அளந்து, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டேன். அதைப் பையில் திணித்து, கோலையும் கையில் எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

அறநிலையக் காம்பவுண்டுக்குள் மணல் தரை இருக்கிறது. செயலாளரை வெளியே கூப்பிட்டேன். “சார், இது நாற்பது கெஜக் கயிறு. நீங்களே அளந்து பாருங்க. எனக்கு ஒரு தோட்டம் போட்டுக் குடுங்க. நூத்தி இருபது வந்தா நான் ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிறேன்” என்றேன்.

அவருக்கும் ரோஷம். குமாஸ்தா, காவல்காரர், நான், அவர், ஆளுக்கு ஒரு மூலையில் நின்றோம். பன்னிரண்டு நீளம் வைத்தால் எட்டு அகலம், தொண்ணூற்றாறு. பதினைந்து வைத்தால் ஐந்து, எழுபத்தைந்து. வெயில் மண்டையைப் பிளக்கிறது. “இன்னும் கொஞ்சம் இழு” என்று காவல்காரரைப் பார்த்துக் கத்தினார். “இழுத்தா கயிறுதான் சார் அறும், தோட்டம் பெருசாவாது” என்று அவர் சொல்லிவிட்டார். பத்துக்குப் பத்து வைத்தோம். நூறு. அதற்கு மேல் நகரவில்லை.

அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. பூங்காவனத்தம்மாளின் மகள் ராஜாம்பாள், அறநிலையத்தின் தலைவி. அன்றைக்கு அவர்களுக்குக் கூட்டமாம். “என்ன கன்னியப்பன், கயிறு பிடிச்சு விளையாடுறீங்க?” என்று கேட்டார். நான் கயிற்றை விடாமலே விஷயத்தைச் சொன்னேன். அவர் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். கையால் எழுதிய மூலப்படியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் ‘நாற்பத்து நான்கு கெஜம்’ என்று இருக்கிறது! அச்சில் ‘நான்கு’ விட்டுப்போய் வெறும் ‘நாற்பது’ ஆகிவிட்டது. ஒரு வார்த்தை, அண்ணா. அதற்காக நான் மூன்று மாதம் அலைந்தேன்.

“இந்தப் பொண்ணு பேரைப் பட்டியல்ல சேருங்க” என்றார். மற்றப் பெண்களை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அவர்கள்மேல் தப்பில்லை, விட்டுவிடுங்கள் என்றேன்.

சென்னைக் காலேஜில் இடம். நைனா கேட்டுவிட்டு, “கயித்தையா எடுத்துக்கினு போனே?” என்று மூன்று முறை கேட்டார். பிறகு தொண்டூருக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் மூன்று வருஷம் காத்திருக்க மாட்டார்கள். நைனாவுக்கு வருத்தம்தான்.

ஆக, உன் தாள் எனக்கு வேண்டாம். உன் கடிதம் வேண்டும். எழுது.

மேரி


லோயர் பரேல், பம்பாய்
23-5-1966

அன்புள்ள மேரிக்கு,

நான் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இத்துடன் நீ கேட்ட தாள். ‘சாதாரண எண்களில் விடை இல்லை’ என்று ஒரே வரி, வேறெதுவும் இல்லை. ராஜாராம் என்ற நண்பர் எடுத்துக் கொடுத்தார். பட்டியலை முடிப்பதற்குள் போய்ச் சேரும் என்று நம்புகிறேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இருப்பிடம் மாறியிருக்கிறேன். இனி மேலே உள்ள முகவரிக்கு எழுது. அறையில் நாங்கள் ஐந்து பேர். ஜன்னலைத் திறந்தால் ஆலைப் புகைபோக்கி தெரியும். பக்கத்தில் ஒரு மாதா கோயில் இருக்கிறது, ஞாயிறு தவறாமல் போகிறேன். அம்மாவிடம் சொல், சந்தோஷப்படும்.

நைனாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நல்லெண்ணெய் தேய்க்கச் சொல். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

அன்புடன்
காஸ்பர்


செஞ்சி
8-6-1966

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு சுகம். உன் தாள் வந்து சேர்ந்தது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது. சென்னைக்கு இம்மாதக் கடைசியில் புறப்படுகிறேன்.

பழைய முகவரிக்கு நான் எழுதிய ஒரு கடிதம் திரும்பி வந்தது. ‘ஆள் இல்லை’ என்று முத்திரை. பார்த்ததும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் காட்டவில்லை.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் எழுது. மெஷினில் நீயேதான் அட்டை போடுவாய், இந்தத் தாளை எதற்கு ஒரு நண்பர் எடுத்துக் கொடுக்க வேண்டும்? உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நைனா முழங்கால், கிணற்றுத் தண்ணீர், மாதா கோயில், எல்லாம் இருக்கிறது. புரோகிராமைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை எழுதாதே எழுதாதே என்று கத்தினால்கூட ஒரு பக்கம் எழுதுகிறவன் நீ.

உன்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்களா?

மேரி


லோயர் பரேல், பம்பாய்
19-6-1966

அன்புள்ள மேரிக்கு,

ஆமாம், எடுத்துவிட்டார்கள்.

நைனாவிடம் சொல்லாதே. நடந்தது இதுதான். உன் தபால் அட்டை வந்த வாரம் தலைவர் டெல்லி போயிருந்தார். அவர் இல்லாதபோது நான் புரோகிராமைப் பிரித்து, எந்த எண்கள் வேண்டும் என்று கேட்கும் பகுதியைச் சேர்த்தேன். உன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் போட்டுப் பார்ப்பதற்குள் அவர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார். கூடவே வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தினர்கள். என்னைக் கேட்காமல் அட்டைக்கட்டை எடுத்து அவரே உள்ளே போட்டார். மெஷின் சும்மா நின்றது. அது ஒரு அட்டைக்காகக் காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. விருந்தினர்கள் முன்னால் அவர் முகம் கறுத்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு, “யார் சொல்லி மாற்றினாய்?” என்று கேட்டார். “என் தங்கை சொல்லி” என்றேன். கேலி செய்வதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் உத்தரவு வந்தது. குடியிருப்பையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. ராஜாராம் மெஷின் அறையில் வேலை செய்பவர். நான் மாற்றிய கட்டு குப்பைக்குப் போவதற்குள் உன் கணக்கை அதில் போட்டு எடுத்து, தேடி வந்து கொடுத்தார்.

இப்போது ஒரு ஆலையில் சம்பளக் கணக்குப் போடுகிறேன். கெட்ட வேலை இல்லை. சில நாள் மதியம் அந்தக் காரணிப் பகுதி நினைவுக்கு வரும். அப்போது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

எனக்கு வருத்தம் இல்லை மேரி. அந்த ஒரு வரி உனக்குப் பயன்பட்டதே. அது இல்லாவிட்டால் நீ இப்போது தொண்டூரில் இருந்திருப்பாய். அதை நினைத்துக்கொண்டால் போதும், தூக்கம் வந்துவிடுகிறது.

செயலாளர் அதைப் படித்துவிட்டு என்ன சொன்னார்? நீ எழுதவே இல்லையே.

காஸ்பர்


பெண்கள் விடுதி, சென்னை
4-7-1966

சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு நான் சுகமாக வந்து சேர்ந்தேன். அறையில் என்னோடு மாயவரத்துப் பெண் ஒருத்தி, நல்ல மாதிரி. சாப்பாட்டில் காரமே இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த மல்லாட்டைப் பொடி, இங்கே வேர்க்கடலை என்கிறார்கள், கைகொடுக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் எரிச்சலில் இருந்தேன். ஒரு கணக்குக்காக யாராவது வேலையை விடுவார்களா? நான் கத்தினால் நீ கேட்டுவிடுவதா? சின்ன வயசிலிருந்து ஒரு நாளாவது நான் சொல்லி நீ ஏதாவது செய்திருக்கிறாயா? செய்யக் கூடாத ஒன்றைத்தான் செய்ய வேண்டுமா? நேரில் இருந்தால் முதுகில் நாலு வைத்திருப்பேன்.

செயலாளர் என்ன சொன்னார் என்று கேட்டாய். உன் தாளை அவர் கையில் கொடுத்தேன். மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். ஒரே வரிதான் இருந்தது, விரல் வைத்துப் படிக்க வேறொன்றும் இல்லை. “சரிதாம்மா, இதுக்கு மேல நாங்க இன்னா சொல்றது” என்றார். தலைவி ராஜாம்பாளும் வாங்கிப் படித்தார். “உன் அண்ணன் கெட்டிக்காரன்” என்று சொல்லச் சொன்னார். அன்றைக்கே பட்டியலில் என் பெயரை எழுதிவிட்டார்கள். உன் தாள் வராவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது.

திரும்பி வந்த அந்தக் கடிதத்தை மறுபடி அனுப்பவா என்று யோசித்தேன். அதில் ஒன்றும் இல்லை. மழை பெய்யவில்லை, மல்லாட்டை விலை இறங்கிவிட்டது, இப்படித்தான் எழுதியிருந்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன்.

வீட்டில், நீ வேறு பிரிவுக்கு மாறிவிட்டாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நைனா நம்பிவிட்டார். அம்மா நம்பியதா தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு லீவு கேள். நீ சென்னை வழியாகத்தான் வர வேண்டும். விடுதித் தலைவியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். இருவரும் சேர்ந்து செஞ்சி பஸ் பிடிக்கலாம்.

வழியில் அந்தக் காரணிப் பகுதியை எனக்கு முழுக்கச் சொல். நினைவகம் போதாதபோது நீ என்ன வழி செய்தாய் என்று கேட்க வேண்டும். குறுக்கே பேச மாட்டேன்.

உன் தங்கை
மேரி